கடைசி பஸ்ஸில் வரும் ஆள்

சேதுராமன் எழுதிய நாடகம் எதை எடுத்துக்கொண்டாலும் கடைசிக் காட்சியில் ஒரு ஆள் வந்து சேர்ந்துவிடுவார். எங்கிருந்து வந்தார், இத்தனை நாள் ஏன் வரவில்லை, யார் சொல்லி வந்தார் என்றெல்லாம் கேட்கக் கூடாது. பிடிக்காத மாப்பிள்ளை தாலி கட்டப் போகிற நேரத்தில், கதாநாயகி நஞ்சுப் போத்தலை வாயருகே கொண்டுபோகிற நேரத்தில், கையில் ஒரு பையும் தோளில் ஒரு துவாயுமாக "நிறுத்துங்க!" என்று ஒரு குரல் கேட்கும். அவ்வளவுதான், எல்லா முடிச்சும் தானாக அவிழ்ந்துவிடும். வந்தவர் செத்துப்போனதாக ஊரே நம்பியிருந்த தகப்பனாக இருப்பார், இல்லாவிட்டால் கட்டாருக்குப் போய்த் தொலைந்த அண்ணனாக இருப்பார். ஒரு வருசம் அப்படி யாரும் தோதாக அமையாமல் போக, தபால்காரரையே திரும்பக் கூட்டிவந்து, கதாநாயகியின் சொந்தத் தாய்மாமன் இவர்தான் என்று சொல்லிவிட்டார். முதல் காட்சியில் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனபோது அது தபால்காரருக்கே தெரியாது.

எப்படி வந்தீங்க என்று மேடையில் யாராவது கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான். "கடைசி பஸ்ஸுல வந்தேன்." கண்டியிலிருந்து கலஹா வழியாகத் தெல்தோட்டைக்கு உண்மையிலேயே ஒரு கடைசி பஸ் உண்டு, அதைத் தவறவிட்டவன் படும் பாடும் அந்தப் பக்கத்துச் சனத்துக்குத் தெரியும். அதனால் வசனம் நன்றாகப் பிடித்துக்கொண்டது. நாடகம் இறுகிக்கொண்டு வரும்போதே பின்னால் நிற்கிற இளவட்டங்கள், "பஸ்ஸு கலஹாவத் தாண்டிருச்சாடா?" என்று சத்தம் போடுவார்கள். கூட்டம் சிரிக்கும். சிரித்துக்கொண்டே காத்திருக்கும். ஆள் வந்ததும் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

பிழைப்புக்கு சேதுராமன் பில் எழுதினார். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஹபீல் முதலாளியின் பலசரக்குக் கடை. தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே டவுனுக்கு வந்து, அந்தக் கடையின் மிளகாய் நெடியிலேயே தலை நரைத்தவர். முதலாளி உட்பட எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்து மாஸ்டர் என்று யாராவது தப்பாக நினைத்துக்கொண்டால் அவர் திருத்த மாட்டார், அந்தச் சின்னச் சந்தோசத்தை அவருக்கு விட்டுவிடலாம். மஹியாவையில் ஒரு அறை, ஒரு கட்டில், எழுத ஒரு கதிரை. கலியாணம் கட்டவில்லை. தாயும் தகப்பனும் போன பிறகு அவருக்கென்று மிஞ்சியது ஒரே தங்கச்சி இராஜகுமாரி. அவளைப் பிலிமத்தலாவையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை செய்கிற தனபாலனுக்குக் கட்டிக் கொடுத்தார். பிலிமத்தலாவையிலேயே வீடு, தர்ஷனா என்று ஒரு மகள், குறையில்லாத குடும்பம்.

தனபாலன் ஆறடி ஆள். சிமெந்து மூட்டையைத் தலையணையைத் தூக்குவது போலத் தூக்குவான். அந்த உடம்பைப் பார்த்த நாளிலிருந்து கடைசி பஸ்ஸில் வருகிற ஆள் அவன்தான் என்று சேதுராமன் முடிவு செய்துவிட்டார். வருசா வருசம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவன் வந்தான், வருசா வருசம் காப்பாற்றினான். ஆனால் முணுமுணுக்காமல் ஒரு வருசமும் வந்ததில்லை.

"மச்சான், நாடகம் தொடங்குனதுல இருந்து நான் படுதாவுக்குப் பின்னால சும்மா குந்திக்கிட்டு இருக்கேன். மேடையில ஒருத்தனாச்சும் என்னயப் பத்தி ஒரு வார்த்த பேசுறானா? இப்பிடி ஒரு அண்ணன் இருக்கான், கடிதம் போட்டிருக்கான்னு சொல்லி வச்சா என்ன கொறஞ்சிரும்? திடுதிப்புன்னு போய் நிக்க எனக்கே வெக்கமா இருக்கு."

ஒரு முறை நாடகப் போட்டிக்கு நடுவராக வந்த வாத்தியார் ஒருவரும் இதையேதான் சொன்னார். முடிச்சுப் போடத் தெரிந்தவருக்கு அவிழ்க்கத் தெரியவில்லை, கத்தரிக்கோலை எடுத்து வெட்டிவிடுகிறார் என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு சேதுராமன் சாப்பிடவில்லை. மச்சானிடம் மட்டும் மனம் விட்டுப் பேசினார்.

"காரணம் வச்சு வரணுமாம். நம்ம சனத்துக்கு நெசத்துல எவன் வந்தான், சொல்லுங்க பாப்போம்? லயத்து வீடுக மேல மண்ணு சரிஞ்சப்ப எவன் வந்தான்? அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப எவன் வந்தான்? ராத்திரி முழுக்கக் குளிர்ல ஒக்காந்து பாக்குறாங்க. நாடகத்துலயாச்சும் ஒருத்தன் வந்துட்டுப் போகட்டுமே."

அதற்குப் பிறகு தனபாலன் முணுமுணுப்பதைக் குறைத்துக்கொண்டான். வாய்விட்டுச் சிரித்து, "சரி மச்சான், வர்றேன்" என்று மட்டும் சொல்வான்.

அந்தத் தனபாலனுக்குத்தான் போன மழைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் அடைத்துக்கொண்டு தண்ணீர் உள்ளே ஏற, மண்வெட்டியோடு வெறுங்காலில் இறங்கியவன் அவன்தான். பித்தவெடிப்புள்ள கால். காய்ச்சல் வந்ததும் பனடோல் போட்டான், கொத்தமல்லி குடித்தான், மழையில் நனைந்த காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வேலைக்கும் போனான். கெண்டைக்கால் சதை இழுத்து, கண் சிவந்து, சிறுநீர் நின்ற பிறகுதான் கண்டிக்குக் கொண்டுவந்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். வார்டில் படுக்க வைத்தவனை மறுநாளே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மூட்டை தூக்கிய உடம்பு தனக்கு வேண்டிய மூச்சைக்கூட இழுக்க முடியாமல் மெஷினோடு கிடந்தது.

யாழ்ப்பாணத்துப் பக்கத்து இளம் டொக்டர் ஒருவர் வெளியே வந்து விளங்கப்படுத்தினார். "கிட்னி ரெண்டும் வேலை செய்யேல்லை. நுரையீரலுக்குள்ளயும் இரத்தம் கசியுது. நாங்கள் செய்யக்கூடியதெல்லாம் செய்யிறம். பாப்பம்."

இராஜகுமாரி அந்தப் 'பாப்பம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள். "பாப்பம்னு சொன்னாருல்ல அண்ணே? ஒண்ணும் இல்லன்னா அப்பிடிச் சொல்ல மாட்டாங்கல்ல?" என்று அன்றைக்கு முழுதும் கேட்டுக்கொண்டிருந்தாள். சேதுராமன் ஆமா ஆமா என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்த டொக்டரை அவர்கள் காணவில்லை, வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்களாம். மற்றவர்கள் சிங்களத்தில் பேசினார்கள்.

சேதுராமனுக்கு சிங்களம் தெரியாது என்று சொல்ல முடியாது. முப்பது வருசமாகக் கடையில் பேசுகிறார். கிலோ, விலை, மூட்டை, நாளைக்கு வரும், இன்றைக்கு இல்லை, பேரம் எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அது பருப்புக்கும் செத்தல் மிளகாய்க்கும் உண்டான சிங்களம். ஈரலுக்கும் இரத்தத்துக்கும் அவரிடம் சொல் இல்லை. மிஸ் என்று எல்லோரும் கூப்பிடுகிற நேர்ஸ்மார் சொல்வதில் பாதி விளங்கும். மீதியை முகத்தைப் பார்த்து நிரப்பிக்கொள்வார். நோயாளியை 'லெடா' என்கிறார்கள், நோயை 'லெடே' என்கிறார்கள் என்று தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துதான் படித்தார். தங்கச்சியிடம் அதையும் பெருமையாகச் சொல்லிக் காட்டினார், அவளுக்கு முன்னால் தனக்கு எல்லாம் விளங்குகிறது என்று காட்ட வேண்டியிருந்தது.

அந்த வாங்கில் கிடந்த நாட்களில் அண்ணனும் தங்கையும் செய்த வேலை ஒன்றுதான். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதனுக்கு வேறு வழியில்லாமல் போனால் கண் தானாகவே வாசலுக்குப் போய்விடுகிறது. கொழும்பிலிருந்து பெரிய டொக்டர் யாராவது வரலாம், புது மருந்து ஏதாவது வரலாம் என்று சேதுராமன் மனசுக்குள் ஆட்களை வரவழைத்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பெரிய பையோடு வேகமாக உள்ளே போனார். இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். இராஜகுமாரி அவரைக் கும்பிடக்கூடச் செய்தாள். அவர் ஏசி திருத்த வந்தவர்.

"ஏதாச்சும் செய்ங்க அண்ணே," என்றாள் அவள், கும்பிட்ட கையை இறக்காமலே. "ஒங்களால முடியும்னு இல்ல. ஆனாலும் ஏதாச்சும் செய்ங்க."

என்ன செய்வார்? டீ வாங்கிக்கொண்டு வந்தார். அவள் குடிக்காமல் அது ஆறிப்போனது. ஹபீல் முதலாளி தினமும் வந்து பார்த்தார். அவருடைய மனைவி ரபீகா சோறு கட்டி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் துஆ கேட்டு வேண்டிக்கொண்டதாக முதலாளி சொல்லி, "அல்லாஹ் ஈக்கான் மாஸ்டர், மனசத் தளர விட்றாதீங்க," என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஆள் ஆளாக வந்தார்கள், எல்லோரும் நல்லவர்கள், ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை.

பச்சைத் தண்ணீர்கூட இறங்காமல் கிடந்த இராஜகுமாரி ஒரு பின்னேரம் வாங்கிலிருந்து சரிந்து விழுந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி, பிள்ளையையாவது பார் என்று திட்டி, சேதுராமன் அவளைப் பிலிமத்தலாவைக்கு அனுப்பி வைத்தார். நான் இங்கேயே இருக்கிறேன், ஒன்றென்றால் உடனே சொல்கிறேன் என்று சத்தியம் செய்துதான் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் அவருடைய போன் நம்பரை எழுதிக்கொண்டார்கள்.

இரவு அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள், மறுநாள் காலையில் கேட்டில் நின்ற காவலாளிகள் பார்வையாளர் நேரம் வரும்வரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். சேதுராமன் மழைத் தூறலில் நடந்து பிள்ளையார் கோயிலுக்குப் போனார். தேங்காய் உடைக்கவில்லை, அர்ச்சனைச் சீட்டு வாங்கவில்லை. ஈரச் சட்டையோடு சாமி முன்னால் நின்று, ஐயருக்குக் கேட்காத குரலில் ஒரு பேரம் பேசினார். இப்படி ஒரு பேரத்தைப் பிள்ளையார் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்.

"சாமி, இத்தன வருசமா நான் பொய்யா ஆள் அனுப்பிக்கிட்டு இருந்தேன். தப்புத்தான். காரணமில்லாம யாரும் வர மாட்டாங்கன்னு எல்லாரும் சொன்னாங்க, நான் கேக்கல. ஒரே ஒரு தடவ நெசமா அனுப்பு. காரணம் எல்லாம் வேணாம். மச்சான் எந்திரிச்சு வரட்டும். இனிமே சத்தியமா நான் பேனாவத் தொட மாட்டேன்."

அழுதார். இடுப்புத் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கினார். இராஜகுமாரி புருசனுக்குச் சுத்தமான சாரமும் போர்வையும் கட்டி, பிலிமத்தலாவை பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள், அதை வாங்க வேண்டியிருந்தது. பஸ் வந்தது, கண்டக்டர் பார்சலைக் கொடுத்தார். கடுகண்ணாவை, மாவனல்லை என்று ஊர்ப் பெயர்களைத் தொண்டை கிழியக் கத்துகிறவர்களுக்கும் ஹோர்ன் சத்தத்துக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் குரல். சிங்களத்தில் பேசியது. தனபாலனுக்கு நீங்கள் யார் என்று கேட்டது. "மஸ்ஸினா," என்றார் சேதுராமன். மச்சான் என்பதற்கு அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு சொன்னது.

"லெடே நெத்தி வுணா."

பக்கத்தில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்தது. சேதுராமன் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, என்ன மிஸ், திரும்பச் சொல்லுங்க என்று கத்தினார். மிஸ் திரும்பச் சொன்னாள். அவர் காதில் அதேதான் விழுந்தது. நெத்தி வுணா என்றால் இல்லாமல் போய்விட்டது. லெடே என்றால் நோய். நோய் இல்லாமல் போய்விட்டது. வரச் சொன்னாள்.

"ஹரி மிஸ், ஹரி! போஹோம ஸ்துதி மிஸ்!" என்று சேதுராமன் கும்பிட்டார். போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். ரொம்ப நன்றி, ரொம்ப நன்றி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மெல்லிய குரலில் என்னவோ சொல்லிவிட்டு மிஸ் போனை வைத்தாள்.

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டின் சேற்றில், பார்சலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நரைத்த தலையோடு ஒரு மனிதன் குழந்தை மாதிரி அழுவதைப் பலர் பார்த்தார்கள். முதல் வேலையாகத் தங்கச்சிக்குப் போன் எடுத்தார்.

"குமாரி, சரியாயிருச்சும்மா! நோய் இல்லாமப் போயிருச்சாம். வந்து கூட்டிக்கிட்டுப் போகச் சொல்றாங்க!"

கூட்டிக்கொண்டு போகச் சொன்னதாக மிஸ் சொல்லவேயில்லை. வரச் சொன்னதோடு சரி. மிச்சத்தை சேதுராமன் தானாகவே சேர்த்துவிட்டார், வழக்கம் அப்படி. அந்தப் பக்கம் இராஜகுமாரி போட்ட கூச்சலில் அக்கம்பக்கத்து வீடுகள் ஓடி வந்தது போனிலேயே கேட்டது. "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல அண்ணே!" என்று அவள் அழுது, சிரித்து, தர்ஷனாவைக் கூப்பிட்டு, சுடுதண்ணி வைக்கிறேன், கஞ்சி வைக்கிறேன் என்று ஒன்றோடொன்று ஒட்டாமல் பேசினாள். நீ வர வேண்டாம், முதலாளியின் வேனில் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்றார் சேதுராமன். வாழ்நாளில் அவர் எழுதிய எந்தக் கடைசிக் காட்சியிலும் இவ்வளவு சந்தோசம் இருந்ததில்லை.

கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். ஹபீல் முதலாளி "அல்ஹம்துலில்லாஹ்!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடையைத் தம்பி ஸமீமிடம் விட்டுவிட்டு, தனபாலன் சாய்ந்து வர வேண்டும் என்று வேனின் பின் சீட்டில் வீட்டு மெத்தை ஒன்றை விரித்து, தானே ஓட்டினார். மழைக்கு டவுன் முழுக்க வாகனம் தேங்கி நின்றது. வேன் ஊர்ந்தது. சேதுராமன் வாய் மூடாமல் பேசிக்கொண்டு வந்தார். கோயில், பேரம், பிள்ளையார், எல்லாம் சொன்னார். முதலாளி கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு ஏதோ நெருடியது போலத் திரும்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், நேத்து மெசின்ல ஈந்த ஆள இண்டைக்கே கூட்டிக்கிட்டுப் போகச் சென்னாங்களா?"

"வரச் சொன்னாங்க முதலாளி. நோய் போயிருச்சாம்."

"அவங்க சென்னத அப்பிடியே சிங்களத்துலயே செல்லுங்க."

"லெடே நெத்தி வுணா."

ஹபீல் முதலாளியின் கை கியரில் நின்றுவிட்டது. முன்னால் வாகனங்கள் நகர்ந்தன, இவர் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"லெடேயா மாஸ்டர்? லெடாவா?"

சேதுராமனுக்கு அந்தக் கேள்வி விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. லெடே இல்லாமல் போனால் நோய் போய்விட்டது. லெடா இல்லாமல் போனால் நோயாளி போய்விட்டான். செத்துப்போனான் என்று முகத்துக்கு நேரே சொல்லக் கூசி நாம் தவறிட்டார் என்று சொல்கிறோம் இல்லையா, சிங்களத்தில் அதற்கு நெத்தி வுணா என்பார்கள். சுகம் வந்தாலும் அந்தச் சொல்தான், சாவு வந்தாலும் அந்தச் சொல்தான். நடுவில் நிற்கிறது ஒரு 'டே', ஒரு 'டா'.

"டே," என்றார் சேதுராமன். "டேன்னுதான் சொன்னாங்க. லெடே. எனக்கு நல்லாக் கேட்டுச்சு."

"சரி மாஸ்டர்."

"ரெண்டு தடவ கேட்டேன் முதலாளி. ரெண்டு தடவயும் டேதான். ஹோர்ன் அடிச்சான், ஆனா கேட்டுச்சு. டே." வாயைத் திறந்து அந்த எழுத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அது தேய்ந்தது. சொல்லச் சொல்ல மிஸ்ஸின் குரல் நினைவில் மங்கி, அதில் டேயும் கேட்டது, டாவும் கேட்டது. நன்றி சொன்னபோது அந்தப் பக்கம் ஏன் அவ்வளவு நேரம் மௌனம் என்பது ஒரு மூலையில் முள்ளாகக் குத்தியது. அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார். "டேன்னும் இருக்கலாம்ல முதலாளி? நீங்க சொல்லுங்க. இருக்கலாம்ல?"

ஹபீல் முதலாளி வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லாதவர். பழைய பருப்பைப் பழைய பருப்பு என்று சொல்லித்தான் விற்பார். ரோட்டை நேராகப் பார்த்துக்கொண்டு, "ஈக்கலாம் மாஸ்டர்," என்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. குமாரி. சேதுராமன் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது, திரும்ப அடித்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அடித்துக்கொண்டே வந்தது. அவர் நெஞ்சோடு சேர்த்து அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு எழுத்துக்காக ஒரு மனிதன் இப்படிக் கெஞ்சி யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். தன்னிடம் இருக்கிற எல்லா எழுத்தையும் எடுத்துக்கொள், அந்த ஒரு 'டே'யை மட்டும் கொடுத்துவிடு என்று யாரிடமோ கேட்டுக்கொண்டே படி ஏறினார்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அந்த மிஸ் நின்றாள். யாருடனோ பேசிக்கொண்டிருந்த குரலைக் கேட்டதும் அவள்தான் என்று தெரிந்தது. சின்ன வயது. ஹபீல் முதலாளி பேச வாயெடுக்கும் முன் சேதுராமன் முந்திக்கொண்டு, "லெடே தானே மிஸ்?" என்று பாதி சிங்களமும் பாதித் தமிழுமாகக் கேட்டார். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு போனில் அவர் ஏன் நன்றி சொன்னார் என்பது விளங்கியிருக்க வேண்டும், கையை வாயில் வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்து உள்ளே விட்டாள்.

மெஷினைச் சுவர்ப்பக்கம் தள்ளி வைத்திருந்தார்கள். ஆறடி மனிதன் வெள்ளைத் துணிக்கு அடங்காமல் கிடந்தான், கால் இரண்டும் வெளியே தெரிந்தன. பித்தவெடிப்பு அப்படியே இருந்தது. சேதுராமன் கொண்டுவந்த போர்வையைப் பிரித்து அந்தக் காலை மூடினார். "மச்சான்," என்று ஒரு தடவை கூப்பிட்டார். விடியும் முன்பே போய்விட்டான் என்று மிஸ் முதலாளியிடம் சொல்வது பின்னால் கேட்டது. அவர் கோயிலில் நின்று பேரம் பேசியபோதே எல்லாம் முடிந்திருந்தது.

வெளியே வந்தார். போன் திரும்ப அடித்தது. "நான் பேசவா மாஸ்டர்?" என்று ஹபீல் முதலாளி கையை நீட்டினார். சேதுராமன் தலையாட்டி மறுத்துவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டுமென்றால், அந்த நேரத்தில் அவருடைய மண்டைக்குள் நாடகக்காரன் முழித்துக்கொண்டான். தப்பாகக் கேட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? மச்சான் எழுந்து உட்கார்ந்தார், கஞ்சி குடித்தார், உன்னைத்தான் கேட்டார், வேனில் ஏறும்போது திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் என்று சொல்லலாம். காலையில் அவளுக்குக் கொடுத்த சந்தோசம் பொய்யாகாது. போகும்போது சொன்னதாக நல்ல வார்த்தைகள் நாலு வைக்கலாம், தர்ஷனாவை நன்றாகப் படிக்க வை என்று சொன்னார் என்று வைக்கலாம். அவள் சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி ஆறுதல் அடைவாள். அண்ணன் மேல் பழியும் வராது. எல்லாம் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றது, ஒரு சொல்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை.

போனை எடுத்தார்.

"எங்க அண்ணே இருக்கீங்க? எவ்வளவு நேரமா அடிக்கிறேன்! சுடுதண்ணி கொதிச்சு ஆறிப்போச்சு, திரும்ப வச்சிருக்கேன். சனமெல்லாம் வாசல்ல நிக்குது. இவ வேற அப்பா அப்பான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கா." மூச்சு வாங்கினாள். "அவர்கிட்ட கொஞ்சம் குடுங்க. ஒரு வார்த்த பேசிட்டுத் தந்துர்றேன்."

நாக்கு நுனியில் நின்றதெல்லாம் எங்கோ போனது. அவளுடைய குரலில் இருந்த அந்தச் சிரிப்பை அவர்தான் வைத்தார், அவரே எடுக்க வேண்டும்.

"குமாரி, நான் தப்பாக் கேட்டுட்டேன்மா."

"என்னத்த?"

"காலையில அந்த மிஸ் சொன்னத. நோய் போயிருச்சுன்னு அவங்க சொல்லல. மச்சான் போயிட்டாரு. விடியிறதுக்கு முந்தியே போயிட்டாரு. எனக்கு வெளங்கல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். ஆஸ்பத்திரியிலதான் நிக்கிறேன். பாத்துட்டேன்மா."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. யாரோ ஒரு பெண் என்னவாம் என்று கேட்டாள். பிறகு இராஜகுமாரி பேசினாள். அழவில்லை, கத்தவில்லை. சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி நிதானமாகப் பேசினாள்.

"இல்ல அண்ணே. காலையில சரியாத்தான் கேட்டீங்க. இப்பதான் தப்பாக் கேட்டிருக்கீங்க. ஒங்களுக்குச் சிங்களம் அவ்வளவா வராதுல்ல, நீங்க ஒண்ணு கேப்பீங்க, அவங்க ஒண்ணு சொல்லுவாங்க. போய் அந்த மிஸ்ஸுகிட்ட இன்னொரு தடவ கேளுங்க. நான் போன வைக்கல, அப்பிடியே புடிச்சுக்கிட்டு இருக்கேன். போங்க."

"குமாரி..."

"கேளுங்க அண்ணே. ஒரு தடவ கேளுங்க."

சேதுராமன் போனைக் கையில் பிடித்தபடி திரும்ப உள்ளே போனார். மேசையில் எழுதிக்கொண்டிருந்த மிஸ் நிமிர்ந்து பார்த்தாள். அவர் போனை அவள் பக்கம் நீட்டி, தங்கச்சி கேட்கிறாள், மச்சானுக்கு என்ன ஆயிற்று என்று இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். மிஸ் அவருக்குப் பின்னால் நின்ற ஹபீல் முதலாளியைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து நின்று, போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுவந்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னாள்.